பூச்சு இல்லாத தரை

குளியலறைத் தரையின் நடுக்கல்லில் மேஸ்திரி உளியை வைத்தபோது, டீச்சர் வாசலை மறித்தாற்போல் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மேஸ்திரி இந்தத் தரையைப் போட்டு முடித்த மறுவாரமே கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் கசிந்தது. "சரியாகுற வரைக்கும் பாக்கியில ஒரு பைசா கிடையாது" என்று டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். மேஸ்திரிக்கோ அவர்மேல்தான் சந்தேகம். தனக்குப் பிறகு யாரையோ கூட்டிவந்து துண்டு மாட்டும் கம்பிக்காகச் சுவரைத் துளைத்திருக்கிறார். குழாயில் ஓட்டை போட்டுவிட்டுப் பழியைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறார். பாக்கியை ஏப்பம் விட இது ஒரு சாக்கு. "உடைச்சே பாத்துரலாம் டீச்சர்" என்று சவால் விட்டுத்தான் வந்திருந்தார். கூட வந்த மச்சான், அதாவது மனைவியின் தம்பி மட்டும், "எதுக்கு மாமா உடைக்கணும்? பேசிப் பாதியாவது வாங்கிட்டுப் போயிரலாம்" என்று காலையிலிருந்தே நச்சரித்தான்.

கல் பதிக்குமுன் தண்ணீர் இறங்காமலிருக்க இரண்டு தடவை கறுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். அன்று மேஸ்திரிக்குக் காய்ச்சல். மச்சானிடம் விட்டிருந்தார். மறுநாள் வந்தபோது அவன் மேலே சிமெண்டும் பரப்பி முடித்திருந்தான். பரவாயில்லையே, பொறுப்பு வந்துவிட்டது என்று மனைவியிடம் மெச்சிக்கூடச் சொன்னார்.

கல் பெயர்ந்தது. சிமெண்டைச் சுரண்டினார். அடியில் வெறும் காங்கிரீட். ஓரத்தில் இன்னொரு கல்லைப் பெயர்த்தார். அங்கேயும் பொட்டுக் கறுப்பு இல்லை.

"என்ன தெரியுது மேஸ்திரி?"

"குப்பையைக் கொட்டிட்டு வந்துர்றேன்" என்று மச்சான் கூடையைத் தூக்கினான். கூடை பாதிகூட நிறையவில்லை. டீச்சர் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்.

சுவரிலிருந்த துளையைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேஸ்திரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்க மேலதான் தப்பு டீச்சர். என் செலவுல திரும்பப் போட்டுத் தர்றேன்."

"அப்ப பூச்சுக்குன்னு தனியா வாங்கின பணம்?"

அதை மேஸ்திரி அப்படியே மச்சான் கையில் கொடுத்திருந்தார். அதே வாரம்தான் மனைவி, "தம்பி கடனைக் கட்டிட்டான்" என்று சிரித்தாள். பணம் ஏது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு மனைவிக்குப் போன் போட்டார். வேறு அழைப்பில் இருக்கிறாள். மறுபடி போட்டார். அதேதான். ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளுக்கிடையே கீழே கேட் தெரிந்தது. மச்சான் கூடையைக் காலடியில் வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, வாயைக் கையால் பொத்தியபடி போனில் பேசிக்கொண்டிருந்தான்.