நேரில் கண்ட கைத்தொழில்

சேலம் காலேஜில் கண்ணாடிப் பலகையைச் சுற்றி நின்ற கூட்டம் சிரித்த சிரிப்பைக் கேட்டதுமே செங்கோடன் நின்றுவிட்டான். அது கேலிச் சிரிப்பு இல்லை. ரகசியம் தெரிந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தான். பூட்டிய கண்ணாடிக்குள், நாலு மூலையிலும் குண்டூசி குத்தி, அவனுடைய காம்போசிஷன். மேலே அவன் பெயர். ஊர்: கரட்டுப்புதூர், நாமக்கல் தாலுகா. தலைப்பு: நேரில் கண்ட கைத்தொழில்.

"என்னடா செங்கோடா" என்று தோளில் கை போட்டான் பாலசுந்தரம். இளம்பிள்ளைத் தறிக்காரர் வீட்டுப் பையன். ஹாஸ்டலில் அடுத்த பாய்க்காரன். "ஓமத் திராவகம் எறக்கறதை இங்கிலீஷ்ல இவ்வளவு தெளிவா எவனும் எழுதினதில்லை. வெல்லம், வேலம்பட்டை, ஊறல் பானை, மூங்கில் குழாய், எல்லாம் இருக்கு. ஓமத்தை மட்டும் எங்கயும் காணோம்."

"மெதுவாப் பேசு."

"நான் மெதுவாப் பேசி என்ன, உன் காயிதம் சத்தமாப் பேசுதே. இந்த ஜில்லாவுல பொறந்தவன் எவனும் மூணாவது வரியில கண்டுபிடிச்சிருவான். கண்டுபிடிக்காத ஆள் ஒருத்தர்தான். அவர்தான் மார்க் போட்டிருக்கார்."

1938ஆம் வருஷம், ஆவணி மாதம். மதுவிலக்குச் சட்டம் சேலம் ஜில்லாவுக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை.

மார்க் போட்ட கைலாசம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். இண்டர்மீடியட் முதல் வருஷத்துக்கு இங்கிலீஷ் காம்போசிஷன் எடுப்பவர். சாராயத்தின் வாடைகூடத் தெரியாத வீட்டில் பிறந்தவர். ஆனி மாதம் காலேஜ் திறந்த அன்றே கரும்பலகை நிறைய விதிகளை எழுதிப்போட்டுவிட்டார். திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்குள் நோட்டு மேஜைக்கு வர வேண்டும். மணி அடித்தபின் அவருடைய சொந்தத் தம்பியே கொண்டுவந்தாலும் வாங்கமாட்டார். பார்த்து எழுதினால் பூஜ்யம். சிவப்பு மசியில் அவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். சிறந்த காம்போசிஷன் ஏழு நாள் கண்ணாடிப் பலகையில் இருக்கும். கடைசி விதியை எழுதிவிட்டு அதன் கீழே இரண்டு கோடு இழுத்தார். காணாததைக் கண்டதாக எழுதுகிறவன் பெயர் ரிஜிஸ்தரிலிருந்து அடிக்கப்படும்.

செங்கோடன் முதல் தடவை கடைவீதியில் வாங்கிய மாதிரிக் கட்டுரைப் புஸ்தகத்தைப் பார்த்துக் கைநெசவைப் பற்றி எழுதினான். அதே புஸ்தகத்தை இன்னும் ஐந்து பேர் வாங்கியிருந்தார்கள். ஆறு பூஜ்யம். ஊருக்குப் போனபோது அக்காளிடம் சொல்லி அழுதான்.

"அதென்னடா சாமி, சைபர்ங்கறது?" என்று கேட்டாள் பழனியம்மாள்.

"புஸ்தகத்தைப் பாத்து எழுதிப்போட்டனாம். இனி நாம்பாக்காததைப் பாத்ததாப் பொய் எழுதினா வெளிய தள்ளிருவாங்களாம்."

"அப்படின்னா பாத்ததை எழுது. அதுக்கென்ன அழுவாச்சி."

பார்த்தது என்ன இருக்கிறது? ஆத்தாளும் அப்பனும் காலராவில் போனபின் அவனை வளர்த்தது அக்காள்தான். அவள் புருஷன் கண்டித் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவன், போனவன்தான். வானம் பார்த்த சோளக்காடு கொஞ்சம், இரண்டு வெள்ளாடு. தம்பியைக் காலேஜில் வைத்திருந்தது இவை எதுவும் இல்லை. புறம்போக்குக் கரட்டில், வேலமரத்தடியில், அவள் புதைத்து வைத்திருந்த சாராயப் பானைதான். அடி முதல் முடிவு வரை அவன் கூடவே நின்று பார்த்த கைத்தொழில் உலகத்தில் அது ஒன்றுதான்.

அதையே எழுதினான், ஓமத் திராவகம் என்று பெயர் மாற்றி. 'சில கிராமங்களில் சிலர்' என்று ஜாக்கிரதையாகத்தான் ஆரம்பித்தான். நோட்டு திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மசி: யார் செய்கிறார்? எங்கே? நீ எங்கே நின்றாய்? இரண்டாவது தடவை 'என் தமக்கை' என்று எழுதினான். பெயர் இல்லையா அவளுக்கு, என்றது சிவப்பு மசி. மரத்தடியில் என்றால் எந்த மரத்தடியில்?

இவ்வளவு நாளும் அவனிடம் யாரும் எதையும் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. அதில்தான் பையன் விழுந்தான். மூன்றாவது தடவை எழுதும்போது பயம் என்பதே மறந்துபோயிற்று. பாழுங்கிணற்றிலிருந்து கிழக்கே நான்காவது வேலமரம். மேல்பானையில் தண்ணீர் சூடாகச் சூடாக மாற்றுகிற பழனியம்மாள். குழாயின் நுனியில் முதல் சொட்டு நிற்பதும், விழலாமா என்று யோசிப்பதும். எழுதி முடித்துவிட்டுத் தானே இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டான். இந்த ஆள் கண்டுபிடிக்கமாட்டார் என்று நினைத்தான். அது சரியாகத்தான் இருந்தது. கண்ணாடிப் பலகையைத்தான் அவன் நினைக்கவில்லை.

"நாளைக்கு என்ன நாள் தெரியுமில்ல?" என்றான் பாலசுந்தரம். இப்போது சிரிப்பு இல்லை. "மதுவிலக்குப் பிரசாரக் கூட்டம். இன்ஸ்பெக்டர் வர்றார். இந்த வழியாத்தான் ஹாலுக்குப் போகணும்."

அன்று சாயங்காலமே கைலாசத்தின் வீட்டு வாசலில் போய் நின்றான் செங்கோடன்.

"சார், அதை எடுத்துருங்க சார்."

"எதை?"

"என் காம்போசிஷனுங்க. வேண்டாமுங்க."

கைலாசம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டில் துடைத்தார். "ஏம்பா, பசங்க ஏதாவது சொன்னாங்களா?"

"சிரிக்கறாங்க சார்."

"சிரிக்கட்டும். பதினாலு வருஷமா வாத்தியார் வேலை பார்க்கிறேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதின பையன் இதுவரைக்கும் மூணு பேர். நீ மூணாவது." சொல்லிவிட்டுக் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "கூச்சப்படாதே. விதி விதிதான், ஏழு நாள் இருக்கும். நாளைக் கூட்டத்துக்கு வந்துடு. வராதவனுக்கு ஒரு நாள் ஆஜர் போயிடும்."

உண்மையைச் சொல்லிவிடலாமா? நாக்கின் நுனி வரை வந்தது. சொன்னால் இந்த மனிதர் என்ன செய்வார்? விதியைப் பார்ப்பார். செங்கோடன் கும்பிட்டுவிட்டுத் திரும்பினான்.

இங்கேதான் அவன் தப்புக் கணக்குப் போட்டான். மறுநாள் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போயிருந்தால் பானையை உடைத்து மண்ணைத் தள்ளி மூடியிருக்கலாம். ஆஜர் போய்விடுமே என்று போகவில்லை. பலகையின் முன்னால் நின்று உடம்பால் மறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். நின்றான். பத்து மணிக்கு இன்ஸ்பெக்டரும் பிரின்ஸிபாலும் வந்தார்கள்.

"இது எங்க ஜூனியர் பையன்களோட எழுத்து" என்றார் பிரின்ஸிபால் பெருமையாக. "கொஞ்சம் தள்ளிக்கப்பா."

தள்ளிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் முதலில் மரியாதைக்காகப் படித்தார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து படித்தார். நிமிர்ந்து, "இதைக் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்கள்" என்றார். பியூன் சாவி கொண்டுவந்தான். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் ஹாலுக்குள் நுழையுமுன் செங்கோடன் பஸ் நிற்கிற இடத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

பஸ் பதினொன்றரைக்குத்தான் கிளம்பியது. ராசிபுரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் கொதிக்கிற ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நின்றது. அப்போது பின்னாலிருந்து ஒரு கறுப்புக் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பஸ்ஸைத் தாண்டிப் போயிற்று.

அதற்குமேல் அவனுக்கு அவசரம் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி மூன்று மைல் நடந்து கரட்டுக்குப் போனபோது பானைகள் உடைந்து, ஊறல் மண்ணில் இறங்கி, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. பாழுங்கிணறு, நான்காவது மரம். தேடவே வேண்டியிருக்கவில்லை. காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வழி விசாரிக்காமல் வந்தார்கள் என்று ஆடு மேய்த்த பொன்னாயி சொன்னாள்.

"உங்கக்காளை ஊட்டுலதாண்டா புடிச்சாங்க. பருப்பு வேவிச்சுட்டிருந்தா."

கேஸ் நாமக்கல் சப்-மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வந்தது. ஊர்க்காரர்கள் பிடித்துக் கொடுத்த வக்கீல் கெட்டிக்காரர்.

"இதோ பார் தம்பி" என்றார் செங்கோடனிடம், கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில். "இடம் புறம்போக்கு. பானைகிட்ட ஆள் இல்லை. உன் அக்காளையும் அந்தப் பானையையும் சேர்த்துக் கட்டியிருக்கிற கயிறு ஒன்றே ஒன்று, உன் காகிதம். மார்க்குக்காக அக்கா பேரைச் சும்மா போட்டேன், அவள் செய்து நான் பார்த்ததே இல்லை என்று நீ கூண்டில் சொன்னால் கயிறு அறுந்தது. சொல்லுவியா?"

"சொல்றேனுங்க."

"காலேஜில் உன்னை வைத்துக்கொள்ள மாட்டார்கள்."

"தெரியுமுங்க."

பழனியம்மாளிடம் வக்கீல் சொன்னது இன்னும் சுருக்கம்: "நீ வாயே திறக்காதே அம்மா."

செங்கோடன் கூண்டில் ஏறிச் சொன்னான். கரட்டில் யாரோ வைத்திருந்த பானையை எப்போதோ பார்த்ததாகவும், பெயர் வேண்டும் என்று வாத்தியார் கேட்டதால் வாய்க்கு வந்த பெயரைப் போட்டதாகவும் சொன்னான். குரல் நடுங்கவில்லை. மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். வக்கீல் முகத்தில் ஒரு களை வந்தது.

பிறகு கையெழுத்தை அடையாளம் காட்டக் கைலாசத்தைக் கூப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் மனிதர் பாதியாகியிருந்தார். கையெழுத்து தன் மாணவனுடையதுதான் என்றார்.

சர்க்கார் தரப்பில் கேட்டார்கள்: "இந்த மாணவன் பொய் எழுதியதாக இப்போது ஒப்புக்கொள்கிறான். உங்கள் வகுப்பு விதிப்படி இவனுக்கு என்ன?"

கைலாசம் செங்கோடனைப் பார்த்தார். பார்த்த பார்வையில் எல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. பையன் எழுதியதுதான் நிஜம் என்பதும், இப்போது சொல்வது ஏன் என்பதும். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் சத்தியம் செய்துவிட்டுக் கூண்டில் நிற்கிறவர், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"பெயர் அடிக்கப்படும்" என்றார், இங்கிலீஷில், யாருக்கும் கேட்காத குரலில்.

பக்கத்திலிருந்த கோர்ட் குமாஸ்தாவுக்கு மட்டும் கேட்டது. அவர் அதைக் கைதிக்காகத் தமிழில் சத்தமாகச் சொன்னார்: "பையன் எழுதியது பொய்யானால் காலேஜை விட்டுத் தள்ளிவிடுவார்களாம்."

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பழனியம்மாள் தலையைத் தூக்கினாள்.

"பொய் இல்லீங்க சாமி."

"அம்மா, நீ சும்மா இரு" என்றார் வக்கீல்.

"எப்படிங்க சும்மா இருக்கறது? எந்தம்பி பொய் எழுதுவானுங்களா? ஒருக்கா சைபர் வாங்கி அழுதுட்டு வந்தவனுங்க. பாத்ததைத்தான் எழுதீருக்கறான். பானை என்னுதுங்க. நாந்தான் வெச்சனுங்க."

"அக்கா, வேண்டாமுங்கக்கா" என்றான் செங்கோடன். எழுந்தவனைக் கான்ஸ்டபிள் பிடித்து உட்காரவைத்தான்.

"நீ பேசாத இரு கண்ணு." பழனியம்மாள் மாஜிஸ்திரேட்டின் பக்கம் திரும்பினாள். "அந்தக் காயிதத்துல என்ன எழுதீருக்குதோ எனக்குத் தெரியாதுங்க. ஆனா கூடவே நின்னு பாத்தவனுங்க, தப்பு வராது. வேணும்னா படிங்க, ஒவ்வொண்ணா நான் ஆமாங்கறேன்."

படித்தார்கள். குமாஸ்தா ஒவ்வொரு வரியாகத் தமிழ்ப்படுத்த, ஒவ்வொன்றுக்கும் அவள் ஆமாங்க, ஆமாங்க என்றாள். முதல் சொட்டு குழாய் நுனியில் நின்று யோசிக்கிற வரி வந்தபோது மட்டும் ஆமாங்க சொல்ல மறந்து தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "இதையெல்லாமாடா பாத்துட்டிருந்த" என்றாள். அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம். அதை அவனால் பார்க்க முடியவில்லை.

ஆறு மாதம். வேலூர் ஜெயிலுக்கு.

வெளியே கொண்டுவரும்போது வேப்பமரத்தடியில் ஏட்டு ஐந்து நிமிஷம் நிற்கவிட்டார். கைலாசமும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார், போகவும் தெரியாமல் கிட்டே வரவும் தெரியாமல். பழனியம்மாள் தானே அவரிடம் போய்க் கும்பிட்டாள்.

"வாத்தியாரய்யா, நெசமுன்னு கோர்ட்டுலயே முடிவாயிருச்சுங்களே. இனி எம்பையன் பேரை அடிக்க மாட்டீங்கல்லங்க?"

  கைலாசம் மாட்டேன் என்று தலையை அசைத்தார்.

"தேறிருவானுங்களா?"

"தேறிடுவான் அம்மா" என்றார். அதுவும் பொய் இல்லை.

அவள் தம்பியிடம் வந்து அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "வெள்ளாட்டைப் பொன்னாயிகிட்ட உட்டிருக்கறேன். நீ அங்க போயி உக்காந்துக்காத. திங்கக்கெழமை நேரத்துல காலேசுக்குப் போயிரோணும். என்ன?"

மாட்டேன் என்று சொல்லத்தான் இருந்தான். நோட்டைக் கிழித்துப்போட்டுவிட்டுச் சோளக்காட்டுக்குப் போய்விடுவதென்று காலையிலேயே முடிவு செய்திருந்தான். இப்போது அதுவும் முடியாமல் போயிற்று. அவன் காலேஜை விட்டால் அவள் சும்மாவே ஜெயிலுக்குப் போனவள் ஆகிவிடுவாள்.

"போறேனுங்கக்கா."

"எங்கண்ணு."

ஏட்டு அவளை அழைத்துக்கொண்டு போனார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள், தம்பியை ரயிலேற்றிவிட்டுப் போகிறவள் போல.

சேலத்துக்கு அன்று மிச்சமிருந்தது ஒரே பஸ். கைலாசம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இடம் ஒன்றுதான் காலி. கண்டக்டர், "உக்காருங்க தம்பி, வண்டி எடுக்கணும்" என்றான். செங்கோடன் உட்கார்ந்தான். முப்பது மைல்.

புதுச்சத்திரம் வரும்போது கைலாசம், "செங்கோடா" என்றார்.

"சார்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டில் துடைத்துவிட்டு, "ஒன்றுமில்லை" என்றார்.