காத்திருக்கவும்

மச்சான் வாய்க்குப் பூட்டுப் போடுவதுதான் இந்த வேலையிலேயே பெரிய வேலை.

புது ஆப்பை முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்து, அவர் எங்கே முட்டிக்கொள்கிறார் என்று பார்ப்பதற்குத்தான் சோதனை என்று பெயர். டிசைனரான அவன் அந்த ஆளின் பக்கத்தில் உட்காருவான். ப்ராடக்ட் மேனேஜரான மச்சான் அடுத்த அறையில் டிவியில் பார்ப்பார். பார்த்தால் மட்டும் போதும். ஆனால் யாராவது கொஞ்சம் தடுமாறினால் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்பார். "மேல பாருங்க சார், மேல! அந்தப் பச்சை பட்டன்!" காலையில் வந்த ஒருவர் இந்தச் சத்தத்தில் அரண்டுபோய் ஃபோனை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"உதவாதீங்க மச்சான். விளக்காதீங்க. மன்னிப்பும் கேக்காதீங்க. நாளைக்கு ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் போய் நிப்பீங்களா?"

"கண்ணு முன்னாடி ஒருத்தர் திணறும்போது கல்லு மாதிரி உக்கார எனக்கு வராது மாப்ள. உனக்கு வரும்."

சொல்லிவிட்டு மச்சான் தண்ணீர் பாட்டிலைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களின் உறவினர்களுக்கான ஆப் அது. உள்ளே இருப்பவர் எப்படி இருக்கிறார் என்று வெளியே இருப்பவருக்குச் சொல்ல வேண்டும். போன வருடம் அப்படி ஒரு கதவுக்கு வெளியே இருவரும் இருந்தார்கள். உள்ளே அவன் மனைவி; அவள்தான் மச்சானின் தங்கை. அவள் உயிரோடு வெளியே வரவில்லை. மச்சான் கதவைத் தட்டினார், காவலாளியோடு மல்லுக்கு நின்றார், தெரிந்தவர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டார். அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அதைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் இன்னும் மாமனார் வீட்டு மாடியில்தான் இருக்கிறான். மாமியார் முதலில் அவனுக்குத்தான் பரிமாறுகிறார். இந்த வேலை மச்சான் வாங்கிக் கொடுத்தது. போவதும் வருவதும் மச்சான் காரில். வேலையை விட்டால் வீட்டை விட்ட மாதிரி. வீட்டை விட்டால் அவளை விட்ட மாதிரி. அதனால் எதையும் விடவில்லை.

சண்டையெல்லாம் ஒரே ஒரு பக்கத்தைப் பற்றித்தான். உள்ளேயிருந்து தகவல் வரும்வரை ஒரு வட்டம் சுழலும். கீழே 'தகவல் புதுப்பிக்கப்படுகிறது, காத்திருக்கவும்' என்று இருக்கும். திரும்பிப் போக வழி இல்லை. திரையைக் கீழே இழுத்துவிட்டால் அடுத்த பக்கம் வரும். அது யாருக்கும் தெரியாது. மாற்ற வேண்டும் என்று அவன் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை வெளியிட்டே ஆக வேண்டும் என்று மச்சான் ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் ஒரு பேரம்: ஐந்து பேரில் மூன்று பேர் அந்தப் பக்கத்தைத் தாண்டினால் அப்படியே வெளியிடுவது, இல்லையென்றால் நிறுத்துவது. நான்கு பேர் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு.

ஐந்தாவதாக வந்தது கலகலவென்று ஒரு பெண். டிரைவிங் ஸ்கூலில் சொல்லித்தருபவள்.

"உங்க அப்பாவை உள்ள சேர்த்திருக்காங்கன்னு வெச்சுக்கங்க. அவர் எப்படி இருக்கார்னு இதுல பாருங்க," என்றான் அவன்.

"எங்கப்பாவை எந்த ஆஸ்பத்திரியும் ரெண்டு நாளைக்கு மேல தாங்காது சார்," என்று சிரித்தபடி ஃபோனை வாங்கினாள். மளமளவென்று நான்கைந்து பக்கங்களைத் தாண்டினாள். வட்டம் வந்தது.

பார்த்தாள். தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"இது வேலை செய்யுதா சார்?"

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"நல்லா கேட்டீங்க போங்க. எனக்குத் தெரிஞ்சா உங்களை ஏன் கேக்கறேன்? கார்ல என் சீட்டுக்கும் ஒரு பிரேக் வெச்சிருப்பாங்க சார். உங்களுக்கு அது கிடையாதா?"

"இருக்கு. போடக் கூடாது."

"அப்ப எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

அவள் இன்னொரு முறை தட்டிப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து, அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கழுத்தின் வளைவு அவனுக்குத் தெரியும். பெஞ்சில் வரிசையாக எல்லாருக்கும் அப்படித்தான் வளைந்திருந்தது.

அவன் கதவைப் பார்த்தான். இப்போது வருவார். வந்து "கீழ இழுங்கம்மா!" என்று கத்துவார். வந்து தொலைத்தால் தேவலை என்றிருந்தது. கதவு திறக்கவில்லை. வாயைத் திறந்து அவனே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சோதனையின் விதி அவனைத் தடுக்கவில்லை என்பது மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

"நிஜமாவே அப்பா உள்ள இருந்தா இப்படித்தான் சார் இருக்குமா?" என்றாள் அவள். பதிலுக்குக் காத்திராமல் எழுந்தாள். "நான் போய் யாரையாவது கேட்டுக்கறேன்."

கதவைத் திறந்தால், வெளியே மச்சான். கதவின் வெளிப்புறக் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"முடிஞ்சதும்மா. ரொம்ப நன்றி," என்று அவளை அனுப்பிவிட்டு உள்ளே வந்தார்.

"பாஸ்னு போடு மாப்ள."

"எப்படி?"

"வெளிய வந்து கேக்கப் போனாங்கல்ல? அங்கயும் அப்படித்தான் கேப்பாங்க."

"யார்கிட்ட?"

மச்சான் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க கதவைத் தட்டினீங்களே மச்சான். யார் வந்தா?"

மச்சான் அந்தப் பெண் உட்கார்ந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். மேஜைமேல் ஃபோனில் வட்டம் சுழன்றுகொண்டிருந்தது.

"யாரும் வரல," என்றார். பிறகு அவன் பக்கம் திரும்பி, "நீ ஏன் தட்டல?" என்றார்.

ஒரு வருடமாக மச்சான் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. ஆனால் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் இருந்தது.

"காத்திருங்கன்னாங்க. காத்திருந்தேன்."

மச்சான் தலையாட்டினார். தன் ஃபோனை எடுத்து மேலதிகாரிக்குப் போட்டார். "திங்கக்கிழமை முடியாது சார்... ஒரு பக்கம் சரியில்ல... ஆமா சார், ஒரே ஒரு பக்கம்தான்..." மறுமுனையின் கத்தல் அறை முழுக்கக் கேட்டது. மச்சான் ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு முடியும்வரை கேட்டார்.

"என் தலைதான் உருளும். உருளட்டும்," என்றார். "சொல்லு. அந்தப் பக்கத்துல என்ன இருக்கணும்?"

அவன் மார்க்கரை எடுத்துக்கொண்டு வெள்ளைப் பலகைக்குப் போனான். ஃபோன் அளவில் ஒரு கட்டம் போட்டான். பக்கம் தப்பு என்று ஒரு மாதமாகத் தொண்டை கிழியச் சொன்னவனுக்கு, எழுத ஒன்றும் வரவில்லை.

"ஒரு நம்பர் குடுக்கலாம். யாராவது எடுக்கற நம்பர்," என்றார் மச்சான்.

"எடுத்து என்ன சொல்வாங்க?"

"எப்படி இருக்காங்கன்னு."

"எப்படி இருக்காங்கன்னு சொல்வாங்க மச்சான்?"

கட்டம் காலியாகவே இருந்தது.

"அங்க உக்காந்திருந்தப்ப உனக்கு என்ன தெரியணும்னு இருந்தது?" என்றார் மச்சான். "அதைச் சொல்லு. அதை எழுதுவோம்."

திறந்திருந்த கதவு வழியாக யாரோ பேசிக்கொண்டே நடந்து போனார்கள். அவர்கள் போகும்வரை அவன் பலகையைப் பார்த்தபடியே நின்றான்.

"கதவைச் சாத்திட்டு வாங்க மச்சான்," என்றான்.