சுத்தியலுக்குத் தீட்டு இல்லை

என் வேலை ஐந்தாவது துளையை நம்பி இருந்தது.

எங்கள் அலுவலகம் புவாண்ட்-கிளேர் என்ற புறநகரில். முதலாளி பெல்ட்டியே, ஒண்டாரியோவின் வடக்குப் பகுதியில் ஒரு பழைய வெள்ளிச் சுரங்கத்தின் வேலியை ஒட்டி நிலம் எடுத்திருந்தார். அறுபது வருடம் முன்பு வண்டி வண்டியாக வெள்ளி கொடுத்த சுரங்கம். "வெள்ளிக்கு வேலி தெரியாது" என்பார். தெரிந்திருந்தது. நான்கு துளை போட்டோம். நான்கிலும் வெறும் பாறை.

ஐந்தாவது உண்டா என்பது 1972 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை முடிவாக வேண்டும். இல்லையென்றால் நிலவியல் படித்த எனக்கு அங்கே வேலை இல்லை. ஊருக்குத் திரும்ப வேண்டும். ஊரில் அப்பா எனக்காக இரண்டு ஜாதகம் வாங்கி வைத்திருந்தார். என் மனைவி அனுசூயா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

முந்தின நாள் ஆயுத பூஜை. நான் குடியிருந்த கோட்-டெ-நெய்ஜில், எனக்கு மேல்மாடியில் இருந்த ரமா அக்கா கதவைத் தட்டினார்.

"உங்க சுத்தியலைக் குடுங்க."

"வருஷம் திரும்பலக்கா. எனக்குப் பண்டிகை இல்ல."

"உங்களுக்குத்தானே இல்ல? சுத்தியலுக்கு என்ன தீட்டு? எங்க வீட்ல வெச்சுப் பூஜை பண்ணித் தரேன். அது என்ன கல்லு?"

"ஆபீஸ் கல்லு. நாலு துளையிலேருந்தும் எடுத்தது."

"அதையும் குடுங்க."

மறுநாள் புனர்பூஜை முடித்துத் திருப்பித் தந்தார். பாறைத் துண்டுகளில் வரிசையாகக் குங்குமப் பொட்டு. துடைத்தேன். விரிசலுக்குள் இறங்கியது வரவில்லை. சுத்தியலில், போன வருடம் அனுசூயா வைத்த இடத்திலேயே ஒரு பொட்டு. அதை விட்டுவிட்டேன்.

அலுவலகத்தில் பெல்ட்டியே, நான் கொண்டுபோன கல் பெட்டியைத் திறந்து குனிந்தார். வெள்ளி பக்கத்தில் இருந்தால் பாறையில் ரோஜா நிறமாக ஒன்று படியும். கோபால்ட் பூ என்பார்கள்.

"இதை நீ பார்க்கவே இல்லையா?" என்று கேட்டபடியே டெலிபோனைச் சுழற்றினார். துளை போடுகிறவர்களை உடனே கிளம்பச் சொன்னார்.

அவர் பேசி முடிக்கும்வரை நான் ஜாதகங்களை நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கட்டைவிரலை நாக்கில் தொட்டு, பாறையில் தேய்த்து, அவர் முன் நீட்டினேன். கோபால்ட் பூ இப்படி ஒட்டாது.

"என்ன இது?"

"குங்குமம். மேல்வீட்டு அம்மா பூஜை பண்ணினாங்க."

விரலையே பார்த்தார். "போன் பண்றதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்."

"ஆமாம்."

"முப்பது வருஷமா பாறை பாக்கறவன். ஒரு அம்மாவோட பூஜையைப் பார்த்து ஏமாந்தேன்னு துளை போடறவங்களைத் திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லணுமா?" பெட்டியை மூடினார். "எந்தத் துளைக் கல்லுல வெச்சாங்க?"

"எல்லாத்துலயும்."

"அப்ப எங்க வேணாலும் போடு."

சாயங்காலம் ரமா அக்கா மாடிப்படியில் நின்றிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"அஞ்சாவது போடறாங்க. குளிர்காலம் முழுக்க வேலை இருக்கும்."

"பூஜை வீண் போகுமா? கல்லைப் பத்திரமா வெச்சுக்குங்க. கண்டவங்க கை படக்கூடாது."

"சரிக்கா."

எச்சில் பட்டதை நான் சொல்லவில்லை. வீட்டுக்குள் போய் அப்பாவுக்கு எழுதினேன்: இப்போதைக்கு வர இயலாது. ஜாதகங்களைத் திருப்பிக் கொடுத்துவிடவும்.