சந்தாபுராவுக்கு ஒரு தனி வரி

எனக்குக் கோவம் மூக்கு மேல நிக்கும். கே.ஜி.எஃப். தங்கச் சுரங்க ஊர்க்காரி, கேட்கவா வேணும்?

எங்க கம்பெனி மோட்டார் செய்யுது, ஷேர் மார்க்கெட்ல இருக்கு. நான் அக்கவுண்ட்ஸ்ல. சந்தாபுராவுல மோட்டார் ரிப்பேர் யூனிட் ஒண்ணு, எழுபது பேரு, நல்ல லாபம். ஆனா வருஷ அறிக்கையில அதையும், நஷ்டத்துல ஓடுற சோலார் பிரிவையும் சேத்து ‘மற்றவை’ன்னு ஒரே வரியில போட்டுடுவாங்க. அந்த வரி எப்பவும் நஷ்டம்தான் காட்டும். எம்.டி. ஸ்ரீஹர்ஷா அதையே காரணம் காட்டி, ரெண்டையும் மூடிட்டு சந்தாபுரா நிலத்தை வித்துடலாம்னு போர்டுக்கு எழுதிட்டாரு.

யூனிட்டைப் பாத்துக்கிற குணசேகர் அண்ணன் போன் பண்ணாரு. “ஹெலனு, எழுபது குடும்பம்மா. நாங்க என்ன தப்பு பண்ணோம்?”

நேரா எம்.டி. ரூமுக்குப் போனேன். “சார், சந்தாபுரா மொத்த விற்பனையில பத்து சதவீதத்தைத் தாண்டிடுச்சு. பத்தைத் தாண்டினா அறிக்கையில தனி வரியாக் காட்டணும்னு ரூல்.”

“நான் எதைத் தனியாப் பாத்து முடிவெடுக்கிறேனோ அதுக்குத்தானம்மா அந்த ரூல்? நான் ரெண்டையும் ஒண்ணாத்தான் பாக்கிறேன்”னாரு, சிரிச்சுக்கிட்டே.

எவ்ளோ கொழுப்பு பாருங்க. ஒவ்வொரு திங்கக்கிழமையும் சந்தாபுரா கணக்கைத் தனித் தாள்ல கேட்டு வாங்குறதே அவர்தான். ரேட்டை ஏத்து, ரெண்டு ஆள் எடுன்னு ஓரத்துல எழுதி கையெழுத்தும் போடுவாரு. ஒரு வருஷத்துத் தாள் எல்லாத்தையும் கொண்டாந்து அவர் டேபிள்ல வெச்சேன்.

“நீங்க உள்ள எப்படிப் பாக்கறீங்களோ, வெளியிலயும் அப்படித்தான் காட்டணும் சார். ஆடிட்டர் கேட்டா இதைத்தான் குடுப்பேன்.”

ஒவ்வொரு தாளாப் புரட்டினாரு. தன் கையெழுத்தை இல்லன்னு சொல்ல முடியுமா? “சரி, தனியாப் போடும்மா”ன்னாரு. குரல்ல சிரிப்பு இல்ல.

போர்டு மீட்டிங்குக்குக் கணக்கோட நானும் போயிருந்தேன். சந்தாபுராவைத் தனியாப் போட்ட பக்கத்தைப் பாத்த டைரக்டர் சந்திரம்மா கண்ணாடியைக் கழட்டினாங்க. “இவ்ளோ சம்பாதிக்கிற இடத்தையா மூடச் சொல்றீங்க?” சந்தாபுராவை மூடுற பேச்சை அங்கேயே விட்டுட்டாங்க. சோலாரைப் பத்தி அடுத்த மாசம் பேசலாம்னு முடிச்சுட்டாங்க.

வெளிய வந்ததும் குணசேகர் அண்ணனுக்குப் போன் போட்டேன். “மூடல அண்ணா.”

அவர் மெதுவாக் கேட்டாரு: “அந்த அறிக்கைப் புக்கு ஒண்ணு எனக்குக் குடும்மா. நஷ்டம் நஷ்டம்னு பேச்சு வாங்கின நம்ம யூனிட் ஆளுங்க, அச்சுல லாபம்னு போட்டிருக்கிறதை அவங்களே படிக்கட்டும்.”