ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர்

எங்கள் ஊரில் ஒரு காரின் டேங்கிலிருந்து பெட்ரோல் ஆவியாகி வெளியே போனால், ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருடைய எடை அந்த அளவுக்குக் குறையும். ஆகவே கார் வைத்திருப்பவர்கள் டேங்க் மூடியை இறுக்கித் திருகுவார்கள். கல்யாணம் நெருங்கும் வீடுகளில் மட்டும் அரைத் திருகல் தளர்த்தி வைப்பதுண்டு.

பி.காம். முடித்துவிட்டு நான் சேர்ந்தது, மேசை விரிப்புகளை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில். ஆவண உதவியாளர் வேலை. ஆறு மாதம் தகுதிகாண் பருவம். முதலாளி தெய்வசிகாமணி அப்போதுதான் தொண்ணூற்றிரண்டு கிலோவிலிருந்து எழுபத்து நான்குக்கு வந்திருந்தார். அவர் காரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒரு வருடமாக எரிந்துகொண்டிருந்தது. கண்ணை உறுத்துகிறது என்று அதன்மேல் தன் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டியிருந்தார். எழுபத்து நான்கு அவருக்குப் போதுமானதாக இருந்தது. புதிதாக ஆறு கோட்டுகள் தைத்துக்கொண்ட வாரத்தில் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, உங்க வீட்ல காரு இருக்குதுங்களா?"

"இல்லீங்க சார். சைக்கிள் இருக்குதுங்க."

"அதெப்படி? படிச்ச புள்ள. உங்க பேர்ல ஒண்ணு இருக்கட்டும்."

அந்த வாரமே ஆர்.சி. என் பெயருக்கு மாறியது. காரை வழக்கம்போல அவரே ஓட்டினார்.

அப்பா அரிசி மண்டியில் லோடுமேன். ஆர்.சி. நகலை லேமினேட் செய்து, என் பட்டமளிப்புப் படத்தை இறக்கிவிட்டு அதே ஆணியில் மாட்டினார். எங்கள் தெருவில் கார் உள்ள முதல் வீடு எங்களுடையது. கார் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் தெருவுக்குள் கார் நுழையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அப்பாவுக்குத் தராசு தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி எடை சொல்வார். ஐம்பத்தாறில் தொடங்கினோம். மூன்றாம் மாதம் நாற்பத்தைந்து.

"மூட்டையா இருந்தா மில்லுக்கே திருப்பி அனுப்பியிருப்பேன் மாதேசு," என்றார். "ஓனராப் போயிட்டே."

அம்மா இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். ஆர்.சி.யில் இருந்த பெயருக்கு அது எட்டவில்லை.

முப்பத்தெட்டில் எனக்குப் பயம் வந்தது. அலுவலக மின்விசிறியை மூன்றில் வைத்தால் நாற்காலியோடு கதவுவரை போய்விடுவேன். ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று, இடம் மாறியதற்கு மேலாளரிடம் மன்னிப்புக் கேட்டேன். தகுதிகாண் பருவத்தில் இருப்பவர் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று விதி இருந்தது.

முதலாளி ஒரு கண்காட்சிக்காக ரயிலில் சென்னை போனபோது, உரிமையாளர் என்ற முறையில் எழுதிக் கொடுத்து வாட்ச்மேனிடம் சாவியை வாங்கினேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மெக்கானிக் சுபேர் பாய் வந்து ஓட்டிக்கொண்டு போனார். நான் பின்னால் சைக்கிளில் போனேன்.

"ஓனர வரச் சொல்லுங்க தம்பி," என்றார் பட்டறையில்.

"நான்தாங்க பாய்."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பழைய பேட்டரி ஒன்றைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தார். அங்கே காற்று பலமாக வீசும்.

கையளவு ஸ்கேனரைக் காரில் செருகினார். பெரிய கசிவு என்று காட்டியது. டேங்க் மூடியின் ரப்பர் வளையம் நன்றாகவே இருந்தது. அடுத்து ஒரு குழாய் வழியாக வெள்ளைப் புகையை உள்ளே செலுத்தினார். எங்கே ஓட்டையோ அங்கே புகை வரும். டார்ச்சை நான் பிடித்துக்கொண்டேன். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், ஒரு கறுப்பு டப்பாவிலிருந்து புகை சோம்பலாக எழுந்தது. அதைக் கழற்றிச் சாய்த்தார். பெட்ரோல் கொட்டியது.

"வண்டி நிக்கிறப்ப டேங்குல எழும்புற ஆவிய இந்தக் கரி டப்பா புடிச்சு வெச்சுக்கும். ஓடுறப்ப வால்வு தெறந்து எஞ்சினுக்குக் குடுத்துரும். இதுல பெட்ரோலே நிக்கிதே! பங்க்ல எப்பிடிப் போடுறாரு?"

"கழுத்து வரைக்குங்க."

"டக்குனு தானா நின்ன பெறகும்?"

"நின்ன பெறகு வண்டியக் குலுக்கிட்டு மூணு தடவ போடுவாருங்க."

"அதான். கரி முங்கிப் போச்சு. டப்பாவும் விரிஞ்சிருச்சு. வால்வும் தெறந்த வாக்குல மாட்டிக்கிச்சு."

டப்பாவையும் வால்வையும் மாற்றினார். பொட்டை உரித்துப் பார்த்தோம். விளக்கு அணைந்திருந்தது. பொட்டை அதே இடத்தில் ஒட்டிவிட்டேன்.

"போனதெல்லாம் திரும்பி வருங்களா பாய்?"

"யாரு பேர்ல போச்சோ அவங்களுக்கு வந்துரும். டப்பாவ மறுபடி கழட்டினா வந்த வழியே போயிரும். அதுக்கு மேல கொறையுறது ஆர்.சி.ல இருக்குறவருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தூக்கினார். "அம்பத்தாறு," என்று இறக்கிவிட்டு இடுப்பைத் தேய்த்துக்கொண்டார். அன்று இரண்டு முறை தூக்கிப் பார்த்தார்.

அதே நாளில் சென்னையில், ஹாம்பர்க்கிலிருந்து வந்த வாடிக்கையாளருக்குக் கை கொடுக்கும்போது முதலாளிக்குப் பதினெட்டுக் கிலோவும் திரும்பிவிட்டது. கோட்டு முதுகில் இரண்டாகக் கிழிந்தது. திங்கட்கிழமை என்னை அழைத்தார்.

"ரிப்பேர் பண்ணச் சொன்னது யாருங்க?"

"ஓனருங்க சார்."

உண்மையைத்தான் சொன்னேன். பில்லில் என் கையெழுத்து இருந்தது.

"சரிங்க ஓனரே. உங்க வண்டி, உங்க இஷ்டம். நா ஒண்ணுஞ் சொல்லலீங்க. உங்க கன்ஃபர்மேசன் லெட்டர் டைப் அடிச்சு ரெடியா இருக்குது. கையெழுத்துப் போடலாம்னு பாத்தா, இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டுக் குனிய முடியல பாருங்க."

வீட்டில் சொன்னேன். அப்பா தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"கன்ஃபர்ம் ஆனா பி.எஃப். உண்டாடா?"

"உண்டுப்பா."

"அம்மாவுக்கு ஆஸ்பத்திரி கார்டு?"

"அதுவும் உண்டு."

மறுநாள் சுபேர் பாய் டப்பாவைக் கழற்றினார். உரிமையாளர் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்.

முதலாளியால் குனிய முடிந்தது. நான் நிரந்தரமானேன். வேலையில் சேர்ந்த ஆறாம் மாதம் அதுதான், சித்திரை. கார் வெயிலில் நின்றது. அவர் கழுத்து வரைக்கும் பெட்ரோல் போட்டார். நான் கிலோ கிலோவாகக் கரைந்தேன். அப்பா முதலில் ஒரு கையால் தூக்கினார், பிறகு இரண்டு விரலால். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இனி கிலோ வேண்டாம், படிக் கணக்குதான். அரைப்படி," என்றார்.

ஹாம்பர்க் வாடிக்கையாளருக்கு அசல் ஆவணங்களும், அவற்றை விளக்க ஓர் ஆளும் அவசரமாகத் தேவைப்பட்டன. விசாவுக்கு இரண்டு மாதம் ஆகும். கூரியரில் போனால் விசா தேவையில்லை.

"ஃபாரின் போறீங்க தம்பி," என்றார் முதலாளி. "நானே இன்னும் ஜெர்மனி பாத்ததில்லீங்க."

அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு கூரியர் அலுவலகம் வந்தார். வரிசையில் முன்னால் நின்றவரிடமும் பின்னால் நின்றவரிடமும், எங்கள் வீட்டில் வெளிநாடு போகும் முதல் ஆள் இவன்தான் என்று சொன்னார். கவுன்ட்டரில் இருந்த பெண் ஆவணங்களோடு என்னையும் மடித்து உறையில் வைத்து, உறையைத் தராசில் வைத்தாள்.

"ஐந்நூத்தி நாலு கிராம். ஐந்நூறுக்குள்ள இருந்தா டாக்குமென்ட், மூணு நாள்ல போயிரும். தாண்டினா பார்சல், இருபது நாள் ஆகும்."

"அவசரங்கம்மா," என்றார் அப்பா. என் சட்டைப்பையிலிருந்து பேனா மூடியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஐந்நூத்தி ஒண்ணு," என்றாள் அந்தப் பெண்.

நான் மூச்சை முழுவதும் வெளியே விட்டேன். அவள் உறையை ஒட்டினாள்.