இரண்டு காதுள்ள படம்

அடையாள அட்டைக்கென்று தில்லைநாதன் கொண்டுபோன படத்தை அரசாங்கக் கந்தோரில் விண்ணப்பம் வாங்கும் பெண் மூன்றாவது முறையும் திருப்பித் தள்ளினாள்.

“ரெண்டு காதும் தெரியவேணும் ஐயா.”

“மற்றக் காதைச் சண்டையில விழுந்த செல் கொண்டுபோட்டுது பிள்ளை! முன்னால நிக்கிறன், தெரியேல்லையோ?”

“விதி அப்பிடி. நான் என்ன செய்ய?”

விசுவமடு ஸ்டூடியோக்காரர் இருக்கிற காதையே கம்பியூட்டரில் திருப்பி, இல்லாத பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தார். தில்லைநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டிய அந்தப் பொய்ப் படத்தை அவள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

அட்டை கிடைத்த கிழமையே சந்தியில் அவர் சைக்கிளைப் பொலிஸ்காரர் ஒருவர் மறித்தார். அட்டையை வாங்கி, அதையும் தில்லைநாதனின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இது ஆரின்ரை அட்டை?”

தில்லைநாதன் சைக்கிளை நிலத்தில் போட்டார்.

“ரெண்டு காது உள்ளவன்ரை! உங்கட கந்தோர்தான் அவனைப் பெத்தது. அங்க போய்க் கேளும்!”