நெருக்கக் கூடாத கோடுகள்

சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மோட்டார் பரம சாதுவாகிவிட்டது. காலையெல்லாம் ஜல்லியை அரைப்பதுபோல் கரகரத்தது, இப்போது மூச்சுக் காட்டவில்லை. தங்கைக்குச் சந்தேகம் தட்டியது. மோட்டாரை ஆட்டிவைக்கும் பெட்டி, பட்டறையில் அதற்கு டிரைவ் என்று பேர், அதன் திரையைப் பார்த்தாள். நினைத்தது சரி. அண்ணன் கைவைத்திருக்கிறான். பட்டறை அவனுடையதாயிற்றே, யார் கேட்பது!

"எதுக்குண்ணா இடைவெளியக் குறைச்ச?"

"சத்தம் போட்டா ஆஸ்பத்திரிக்காரங்க திருப்பி அனுப்பிடுவாங்க. அவங்க லிஃப்ட்டுக்குப் போறது."

லிஃப்ட்டுக்குப் போவதால்தான் அவள் கேட்டதே. டிரைவ் செய்வது இவ்வளவுதான்: மோட்டாரின் முறுக்குவிசைக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. மேல்கோட்டைத் தொட்டால் பெட்டிக்குள் ஸ்விட்ச் மாறி விசையை இறக்கும். கீழ்க்கோட்டைத் தொட்டால் மறுபடி ஏற்றும். மோட்டாருக்குள் இருக்கும் காந்தசக்தியின் அளவுக்கும் இதேபோல் இரண்டு கோடுகள். நடுவில் எப்படி அலைந்தாலும் கண்டுகொள்ளாது. அந்த அலைச்சல்தான் கரகரப்பு. கோடுகளை நெருக்கினால் சத்தம் அடங்கும். ஆனால் ஸ்விட்சுகள் ஓயாமல் மாறிமாறிச் சூடேறிச் செத்துப்போகும்.

முழுச் சுமை ஏற்றி ஓடவிட்டாள். இருபதே நிமிஷம். சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றது.

"பாத்தியா? உள்ள ஸ்ட்ரெச்சர்ல ஒருத்தர் படுத்திருந்தா?"

"ஆறினா ஓடும். வண்டி வந்து நிக்குது, அப்படியே ஏத்து."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கோடுகளைப் பழையபடி விலக்கினாள். பாஸ்வேர்டையும் மாற்றினாள். மோட்டார் மறுபடி கரகரத்தது. ஒரு மணிநேரம் முழுச் சுமையில் ஓடியும் அசரவில்லை. வண்டிக்காரர் அதுவரை காத்துக்கிடந்தார்.

"பாஸ்வேர்டச் சொல்லு."

"மாட்டேன்."

"நான் உன் அண்ணன்டி!"

"அண்ணனாவே இரு. யாரு வேணாம்னா?"

பட்டறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணனின் முகம் கறுத்துவிட்டது.

"நாளையிலேருந்து இந்தப் பக்கமே வராத. உனக்கு இங்க வேலை இல்ல."

பதினோரு வருஷம் உழைத்த இடம். கண்ணில் நீர் முட்டியது. அழுதால் அவன் ஜெயித்த மாதிரி ஆகிவிடும், அதனால் அழவில்லை. மோட்டாரையும் டிரைவையும் வண்டியில் ஏற்றவைத்தாள். ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு தானும் ஏறி, அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"எங்கடி போற? அதான் வேலை இல்லன்னு சொல்லிட்டேனே!"

"நாளைக்குத்தானே இல்ல? இன்னிக்கு இருக்கு. மாட்டி ஓட்டிக் காட்டிட்டுத்தான் இறங்குவேன்." வண்டிக்காரரின் பக்கம் திரும்பினாள். "நீங்க எடுங்கண்ணே."